வீட்டுக்குள் வளரும் தொட்டிச் செடிகளுக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர்?

நர்சரியில் செடி வாங்கும்போது பெரும்பாலானோர் தவறாமல் கேட்கும் கேள்வி, "வாரத்துக்கு எத்தனை தடவை தண்ணீர் விட வேண்டும்?" என்பதாகும். கடைக்காரரும் "ரெண்டு நாளைக்கு ஒரு தடவை விடுங்க, போதும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். நிழல்வலைப் பந்தலின் கீழ், நாள் முழுவதும் காற்றும் வெளிச்சமும் படும் இடத்தில் அவர் அப்படித்தான் ஊற்றி வளர்த்திருப்பார். அந்த வகையில் அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அதே செடி அடுக்குமாடிக் குடியிருப்பின் கூடத்தில், ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளி, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இடம்பிடித்த பிறகு, அது குடிக்கும் தண்ணீர் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடுகிறது. ஊற்றுபவர் மட்டும் பழைய கணக்கையே தொடரும்போது மண் காய்வதற்கு வாய்ப்பே இல்லாமல் போய், சில மாதங்களில் வேர் அழுகிச் செடி சாய்ந்துவிடுகிறது. வீட்டுக்குள் வைத்த செடிகளில் தண்ணீரில்லாமல் காய்ந்து போவதைவிடத் தண்ணீர் மிகுந்து அழுகிப் போவதே அதிகம்.

ஆகவே, கிழமையைப் பார்த்து ஊற்றும் வழக்கத்தை விட்டுவிட்டுத் தொட்டியைப் பார்த்து ஊற்றக் கற்றுக்கொள்ள வேண்டும். இதில் 'எப்போது', 'எவ்வளவு' என்று இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அரை டம்ளர் ஊற்றும் பழக்கம் வந்து சேர்கிறது. எப்போது என்பதைச் செடியின் வகையும் அது நிற்கும் இடத்தின் வெளிச்சமும் முடிவு செய்கின்றன. எவ்வளவு என்பதைத் தொட்டியின் அளவு முடிவு செய்கிறது. செடி எதுவானாலும், ஊற்றும் நாளில் அடித்துளை வழியாக வடியும்வரை முழுமையாக ஊற்ற வேண்டும். அதற்குப் பின் அடுத்த தவணை வரும்வரை ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது

வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளிகளில் தங்கியிருக்கும் காற்றிலிருந்துதான் அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் ஊற்றியதும் அந்த இடைவெளிகள் நிரம்புகின்றன. அதிகப்படி நீர் வடிந்து, மிச்சத்தைச் செடி குடிக்கக் குடிக்கக் காற்று மீண்டும் உள்ளே வருகிறது. இந்த நிரம்புதலும் வடிதலும் மாறி மாறி நடந்தால் வேர் நலமாக இருக்கும். இடைவெளிகள் எப்போதும் நிரம்பியே கிடந்தால், தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு என்பதால், வேர்நுனிகள் மூச்சுத் திணறி இறக்கின்றன. பித்தியம், பைட்டோப்தோரா போன்ற ஈரத்தை விரும்பும் நுண்ணுயிரிகள் இறந்த வேர்களில் தொடங்கி நல்ல வேர்களுக்கும் பரவுகின்றன. வேர் போனபின் செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. மண் சொதசொதவென்று இருக்கும்போதே இலைகள் வாடித் தொங்கும். வாடலைப் பார்த்தவர் தாகம் என்று எண்ணி இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறார். வீட்டுச் செடிகள் சாவதற்கு இதைவிடப் பொதுவான காரணம் வேறில்லை.

தொட்டியின் அடிப்பகுதி இன்னொரு விதத்திலும் கவனத்துக்கு உரியது. துளை எவ்வளவு பெரியதாக இருந்தாலும், வடிதல் நின்ற பிறகு அடியில் ஒரு கனத்துக்கு மண் முழு ஈரத்தோடு நிற்கும். மண்ணின் நுண்துளைகள் நீரைப் பிடித்துவைக்கும் விசை, புவியீர்ப்பு இழுக்கும் விசைக்கு ஈடாக நிற்கும் இடம் அது. பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துக் கிடைமட்டமாகப் பிடித்துச் சொட்டுவது நின்றபின், அதை நெட்டுக்குத்தாக நிறுத்திப் பாருங்கள்: இன்னும் கொஞ்சம் நீர் சொட்டும், ஆனால் அடிமுனை மட்டும் ஊறியே இருக்கும். தொட்டியிலும் இதேதான் நடக்கிறது. அந்த ஈர அடுக்கின் உயரம் மண்கலவையைப் பொறுத்தது என்பதால், ஆழமான தொட்டியில் அதற்கு மேலே காற்றோட்டமுள்ள மண் நிறைய கிடைக்கும். தட்டையான தொட்டியில் வேரின் பெரும்பகுதி ஈரத்திலேயே நிற்கும். வடிகாலுக்காக அடியில் ஜல்லியோ உடைந்த ஓடோ பரப்பும் பழைய வழக்கமும் இதனால்தான் பயன் தருவதில்லை. ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே போய் நின்றுகொள்கிறது, வேருக்குரிய இடம்தான் குறைகிறது. துளையை மறைக்க ஒரே ஒரு ஓட்டுத்துண்டோ வலைத்துண்டோ போதும்.

குடிப்பதைத் தீர்மானிப்பது வெளிச்சம்

வெயிலில் நேரடியாக ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் இருக்கும் நண்பகலில், நேர்வெயில் விழாத நல்ல ஜன்னலோரத்தில் சில ஆயிரம் லக்ஸ் இருக்கலாம். அறையின் உட்புறத்தில் அது சில நூறுக்கோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். நம் கண் வெளிச்சத்துக்கேற்பத் தன்னைத் தகவமைத்துக்கொள்வதால் இந்த வேறுபாட்டை உணர்வதில்லை. கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் வெளிச்சம் அளக்கும் செயலிகள் துல்லியமானவை அல்ல என்றாலும், இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்க அவை தாராளமாகப் போதும். வெளிச்சம் குறைந்தால் இலைத்துளைகள் குறைவாகத் திறக்கும், ஒளிச்சேர்க்கை குறையும், நீராவிப்போக்கும் குறையும்; மண்ணில் ஊற்றிய தண்ணீர் அங்கேயே நிற்கும். செடியை ஜன்னலிலிருந்து உள்ளே நகர்த்தினால் தண்ணீர்த் தவணையைத் தள்ளிப்போடுவதும், வெளியே நகர்த்தினால் முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பதும் இதனால்தான் அவசியம்.

நம் ஊர் வீடுகளில் இத்துடன் மின்விசிறியும் ஏசியும் சேர்ந்துகொள்கின்றன. கூடத்தில் நாள் முழுவதும் சுழலும் மின்விசிறியின் காற்று மேல்மண்ணை ஒரே நாளில் வெளிறக் காய வைத்துவிடும். அதற்குக் கீழே இரண்டு அங்குலத்தில் மண் ஈரமாகவே இருக்கும். மேல்மண்ணின் நிறத்தை மட்டும் பார்த்து ஊற்றுபவர்கள் இதில்தான் ஏமாந்து போகிறார்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை வடித்தெடுத்துவிடுவதால், அதன் நேர்க்காற்று படும் அரேகா பனை, கலத்தியா போன்றவற்றின் இலைநுனிகள் பழுப்பேறுகின்றன. அதற்கு மருந்து, செடியைக் காற்று படாத மூலைக்கு நகர்த்துவதுதான். மண் ஈரமாக இருக்கும்போது மேலும் ஊற்றுவதால் நுனி பச்சையாகிவிடாது. இலைகளின் மேல் தண்ணீர் தெளிப்பது தூசியைக் கழுவ உதவும்; ஆனால் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும் அந்த ஈரம் வேருக்கு ஊற்றுவதற்கு ஈடாகாது.

எப்போது ஊற்றுவது: விரல், குச்சி, எடை

மிக எளிய சோதனை விரல்தான். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணுவரை, அதாவது ஏறக்குறைய 4 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, தண்டுக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவில் மண்ணுக்குள் செலுத்துங்கள். விரலில் மண் ஒட்டிக்கொண்டு குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. உதிரியாக, வெதுவெதுப்பாக இருந்தால் அந்த ஆழம்வரை காய்ந்திருக்கிறது. நான்கைந்து அங்குலத் தொட்டிகளுக்கு இது போதும். எட்டு அங்குலத்துக்கு மேற்பட்ட தொட்டிகளில் விரல் எட்டாத ஆழத்தில்தான் பிரச்சினை ஒளிந்திருக்கும் என்பதால், வண்ணம் பூசாத மூங்கில் குச்சியையோ மரத்தாலான ஐஸ்கிரீம் குச்சியையோ அடிவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். ஈரமான பகுதி கருத்தும், உலர்ந்த பகுதி வெளிறியும் தெரிவதால், எந்த ஆழம்வரை காய்ந்திருக்கிறது என்பது குச்சியிலேயே பதிந்திருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மண்ணிலிருந்து தண்ணீர் குறைவதை எடை மறைக்க முடியாது. சமையலறைத் தராசு இருந்தால், செடிக்கு முழுமையாக ஊற்றி வடிய விட்டபின் ஒருமுறை எடை பாருங்கள். பிறகு குச்சி அடிவரை ஏறக்குறையக் காய்ந்து வரும் நாளில் இன்னொரு முறை பாருங்கள். ஆறு அங்குல பிளாஸ்டிக் தொட்டி ஒன்று முதல் முறை 1,500 கிராமும் இரண்டாம் முறை 1,100 கிராமும் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடையிலுள்ள 400 கிராம்தான் அந்தத் தொட்டி உங்களுக்குத் தரும் கணக்கு. அதில் பீஸ் லில்லி இருந்தால் 1,350க்கு இறங்கும்போது ஊற்றலாம். மணி பிளான்ட்டுக்கு 1,250வரை காத்திருக்கலாம். ஸ்நேக் பிளான்ட் என்றால் 1,100 வந்தபின்னும் சில நாள் பொறுக்கலாம். இரண்டு எண்களையும் ஒரு சிறு தாளில் எழுதித் தொட்டியின் பின்புறம் ஒட்டிவைத்தால், வீட்டில் யார் தண்ணீர் ஊற்றினாலும் பிழை நேராது. சில தவணைகள் இப்படிச் செய்தபின் தராசு தேவைப்படாது. தொட்டியைக் கையில் தூக்கியதுமே கனம் சொல்லிவிடும். செடி வளர வளர அதன் எடையும் கூடும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை எண்களைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் விற்கும் மலிவான ஈரமானிகளைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை மண்ணின் மின்கடத்தும் திறனை வைத்தே ஈரத்தைக் கணிக்கின்றன. உப்பு நீரும் உரமும் சேர்ந்த மண் காய்ந்து வரும்போதும் அவை 'ஈரம்' என்று காட்டலாம். பொலபொலவென்றிருக்கும் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவையில் முனையைச் சுற்றிக் காற்றிடைவெளி இருந்தால், ஈரம் இருக்கும்போதே 'உலர்வு' என்று காட்டலாம். கருவி வாங்கும் பணத்துக்கு ஒரு சமையலறைத் தராசு வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

எவ்வளவு ஊற்றுவது

தொட்டியின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை என்பது தொடக்கத்துக்கு ஏற்ற கணக்கு. நான்கு அங்குலத் தொட்டிக்கு 100 முதல் 125 மில்லி, ஆறு அங்குலத் தொட்டிக்கு 350 முதல் 400 மில்லி, எட்டு அங்குலத் தொட்டிக்கு 800 மில்லி முதல் 1 லிட்டர் என்று இது வரும். இந்த அளவை ஊற்றி முடிக்கும்போது அடியிலிருந்து சிறிதளவு நீர் வடிந்தால் கணக்குச் சரி. வடியவே இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். பாதி ஊற்றும் முன்பே வடிந்தால் நிறுத்திவிட்டு, மண் நனைகிறதா அல்லது ஓரமாக ஓடிவிடுகிறதா என்று பாருங்கள்.

ஊற்றும் முறையிலும் பக்குவம் வேண்டும். ஒரே இடத்தில் மளமளவென்று கொட்டினால் தண்ணீர் தனக்கென ஒரு பாதை செய்துகொண்டு அதன் வழியே இறங்கிவிடும். நீண்ட மூக்குள்ள பூவாளியோ, மூடியில் துளையிட்ட பாட்டிலோ கொண்டு தொட்டியைச் சுற்றிலும் மெதுவாக, பாதி அளவை ஊற்றிச் சில நிமிடம் பொறுத்து மீதியை ஊற்றுவது நல்லது. முதல் பாதி மண்ணை இளக்கும், இரண்டாம் பாதி ஆழத்துக்கு இறங்கும். செம்மண் அதிகமுள்ள கலவை மிகவும் காய்ந்துபோனால் சுருங்கித் தொட்டியின் சுவரிலிருந்து விலகி நிற்கும்; மேலே ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியாக நேரே தொட்டிக்கு அடியிலுள்ள சாசருக்கு வந்துவிடும், உள்ளே வேர்ப்பந்து தூள்மண்ணாகவே கிடக்கும். அப்படிப்பட்ட தொட்டியை, அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத் தண்ணீருள்ள வாளியில் அரை மணி நேரம் நிறுத்தி, மேல்மண் கருத்து நனைந்ததும் எடுத்து வடிய வைக்க வேண்டும்.

தினமும் அரை டம்ளர் ஊற்றும் பழக்கத்தால் மேல்மண் எப்போதும் நனைந்தும், நடுப்பகுதியோ அடியோ சில தொட்டிகளில் காய்ந்தும், சில தொட்டிகளில் ஊறியும் கிடக்கும். வேர்கள் மேலேயே சுருண்டு நிற்கும். மேல்மண்ணின் ஓயாத ஈரத்தில் கொசுவைப் போன்ற சிறு கருப்பு ஈக்கள் முட்டையிடும். தொட்டியைத் தட்டியதும் அவை எழும்பிப் பறந்தால், மண் காய விடப்படவில்லை என்று பொருள்.

வடிந்த நீரை அரை மணி நேரத்துக்குள் சாசரிலிருந்து கொட்டிவிடுங்கள். வேருக்காக மட்டும் சொல்லவில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிச் சிறிதளவு நீர் தேங்கிய இடங்களிலும் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக வளர ஏழு முதல் பத்து நாட்கள் போதும். பாட்டிலில் தண்ணீரில் மட்டும் மணி பிளான்ட் வளர்ப்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறை நீரை முழுவதும் மாற்றி, பாட்டிலின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் நீரை மாற்றுவது மட்டும் போதாது.

தொட்டியும் மண்ணும்

சுடுமண் தொட்டியின் சுவர் வழியாகவும் நீர் ஆவியாவதால் அது சீக்கிரம் காயும். பிளாஸ்டிக்கும் மெருகிட்ட பீங்கானும் ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்கும். அதிகமாக ஊற்றும் கை உள்ளவர்கள் சுடுமண் தொட்டிக்கு மாறுவது பாதுகாப்பு. துளையில்லாத அழகுத் தொட்டிகளில் நேரடியாக நடுவதைத் தவிர்த்து, துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியை அதற்குள் இறக்கிவைத்து, ஊற்றும்போது வெளியே எடுத்து வடித்தபின் திரும்ப வைக்கலாம். சிறு செடியை 'வளரட்டும்' என்று பெரிய தொட்டியில் நடுவதும் ஆபத்தே. வேர் எட்டாத மண்ணிலுள்ள தண்ணீரைக் குடிக்க யாரும் இல்லை. பழைய தொட்டியைவிட இரண்டு அங்குலம் அகலமானது போதும்.

புதிதாக வாங்கிய செடியின் வேர்ப்பந்தைக் கட்டாயம் பாருங்கள். ஆந்திராவின் கடியம் பகுதியிலிருந்து லாரிகளில் வருபவை உட்பட, நம் நர்சரிகளில் கருப்புப் பாலித்தீன் உறையில் விற்கும் பல செடிகள் கெட்டியான மண் உருண்டையோடு வருகின்றன. அதை அப்படியே கோகோபீட் நிறைந்த புதுக் கலவைக்குள் வைத்துவிட்டால், ஒரே தொட்டியில் இரண்டு மண்கள் ஆகிவிடும். வெளியே உள்ள கலவை சீக்கிரம் நனையும், விரலுக்கும் ஈரமாகத் தெரியும். நடுவிலுள்ள உருண்டையோ காய்ந்தால் கல்லாகி நீரை உள்ளே விடாது, நனைந்தால் வாரக்கணக்கில் காயாது. வேர் முழுவதும் அந்த உருண்டைக்குள்தான் இருக்கிறது. எனவே நடும்போது உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வெளிப்புற மண்ணில் பாதியையாவது விரலால் மெதுவாக உதிர்த்துவிட்டு நடுங்கள். அது முடியாதபோது, ஈரச் சோதனைக் குச்சியைத் தண்டுக்கு அருகில், உருண்டைக்குள்ளேயே செருகிப் பாருங்கள்.

கோகோபீட் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் பொருள். மேலே வெளிர்பழுப்பாகக் காய்ந்து காட்டிக்கொண்டு உள்ளே நனைந்திருப்பதில் அதற்கு இணையில்லை. வீட்டுக்குள் வைக்கும் செடிகளுக்குக் கோகோபீட்டை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காமல், பெர்லைட் (இலேசான வெண்ணிறக் கல்துகள்), சலித்த செங்கல் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு போன்ற பருமனானவற்றை மற்றொரு பங்காகச் சேர்த்தால் காற்றிடைவெளி நிலைக்கும்.

செடிக்குச் செடி

ஸ்நேக் பிளான்ட் மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலப்பகுதிகளைச் சேர்ந்தது. பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து இரவில் திறப்பதன் மூலம் நீர் இழப்பைக் குறைத்துக்கொள்கிறது. தடித்த இலைகளில் நீரைச் சேமித்தும் வைக்கிறது. தொட்டி முழுவதும் காய்ந்தபின் ஊற்றினால் போதும். கூடத்து மூலையில் இருந்தால் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறைகூட அதிகம் ஆகலாம். இதன் அழுகல் தொடங்கும் இடம் இலை மண்ணைத் தொடும் அடிப்பகுதி. அங்கே இலை மஞ்சளாகி, அழுத்தினால் நீர் கசியும்படி கொழகொழத்து, ஒரு நாள் நிமிர்ந்து நின்ற இலை அப்படியே சாயும். இலைக்கொத்தின் நடுக்குழிவில் தண்ணீர் தேங்க விடாமல் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். இசட்இசட் என்று நர்சரிகளில் விற்கும் கிழக்கு ஆப்பிரிக்கச் செடிக்கும் இதே முறைதான். மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகளில் அது நீரைச் சேமித்திருக்கும்.

மணி பிளான்ட், சிங்கோனியம், பிலோடென்ட்ரான் ஆகியவற்றுக்கு மேலிருந்து ஏறக்குறைய பாதி மண் காய்ந்ததும் ஊற்றலாம். மணி பிளான்ட்டின் இலை தாகத்தின்போது விறைப்புக் குறைந்து, லேசாக உட்புறம் மடியும். அந்த நிலையில் ஊற்றினால் ஒரு நாளுக்குள் தேறிவிடும். மாறாக, காலையில் இலைநுனிகளில் நீர்த்துளிகள் தொங்கினால் மண்ணில் தாராளமாக ஈரம் இருக்கிறது என்று புரிந்துகொண்டு தவணையைத் தள்ளிவையுங்கள்.

பீஸ் லில்லி தன் தாகத்தை மிக வெளிப்படையாகக் காட்டும் செடி. நேற்று நிமிர்ந்திருந்த இலைகள் எல்லாம் ஒருசேரத் துவண்டு தொட்டி விளிம்பில் படிந்துவிடும். தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் மறுபடி எழுந்து நிற்கும். இதைப் பார்த்துப் பழகியபின் சிலர் துவளும்வரை காத்திருந்தே ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு துவளலிலும் நுண்வேர்கள் சில இறக்கின்றன, ஓரிரண்டு அடியிலைகள் மஞ்சளாகின்றன. மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்ததுமே ஊற்றுவதுதான் அதற்குச் செய்யும் நியாயம். பெரணி வகைகளுக்கு அந்த ஓர் அங்குலக் காய்ச்சல்கூட ஆகாது. மண் நனைந்த துணியைப் போன்ற ஈரத்தில் இருக்க வேண்டும், ஆனால் நீர் தேங்கக் கூடாது. கற்றாழையும் மற்ற சதைப்பற்றுச் செடிகளும் நல்ல ஜன்னலோரம் கிடைத்தால் மட்டுமே வீட்டுக்குள் வைக்கத்தக்கவை.

பருவமும் தண்ணீரின் தன்மையும்

அக்னி நட்சத்திர நாட்களில் ஜன்னலோரச் செடி ஏப்ரலைவிட விரைவாகக் காயும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மேகமூட்டமும் காற்றின் ஈரமும் சேர்வதால் அதே தொட்டி காய இரண்டு மடங்கு நாள் ஆகலாம். அழுகல் மிகுதியாக வருவதும் இந்த மாதங்களில்தான். கோடையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பிற்பகலில் வரும் குழாய்நீர் கையைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும். அதை நேரே ஊற்றாமல், காலையிலேயே பிடித்துவைத்த நீரைப் பயன்படுத்துங்கள்.

ஆழ்துளைக் கிணற்று நீர் பல பகுதிகளில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு மண்ணிலேயே தங்கி, மேல்மண்ணிலும் சுடுமண் தொட்டியின் வெளிச்சுவரிலும் வெள்ளைப் படிவமாகப் பூக்கும். டிரசீனா, அரேகா பனை, கலத்தியா ஆகியவற்றின் நுனிகள் கருகும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தொட்டியைக் குளியலறைக்கு எடுத்துச் சென்று, அதன் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல நீரை நிதானமாக ஊற்றி முழுவதும் வடியவிட்டால் உப்பு கரைந்து வெளியேறும். மழைநீர் எல்லாவற்றிலும் சிறந்தது. ஏசியிலிருந்து வடியும் நீர் ஏறக்குறைய உப்பற்றது என்பதால் அழகுச் செடிகளுக்குத் தாராளமாக ஊற்றலாம். ஆர்ஓ இயந்திரம் கழித்துத் தள்ளும் நீரில் உப்பு செறிந்திருப்பதால் அது தரை கழுவத்தான் ஏற்றது. சில குடியிருப்புகளில் கடின நீரை மென்மையாக்கும் இயந்திரம் பொருத்தியிருப்பார்கள். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தைச் சேர்ப்பதால், குளிக்க நன்றாக இருக்கும் அந்த நீர் செடிக்கு நாளடைவில் கெடுதல்.

அடையாளம் கண்டு காப்பாற்றுவது

இலை மஞ்சளானதும் தண்ணீர்க் குவளையைத் தேடாமல் முதலில் குச்சியைச் செருகுங்கள். வாடலும் மஞ்சளும் இரண்டு கோளாறுகளுக்கும் பொது. மண்ணின் நிலைதான் வேறுபடுத்திக் காட்டும். மண் காய்ந்து, இலை மொறுமொறுப்பாகச் சுருண்டு, தொட்டி இலேசாக இருந்தால் தாகம். மண் ஈரமாக, இலை மென்மையாகத் தொய்ந்து, கீழிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சளாகி, மண்ணில் புளித்த வாடை வந்தால் வேரழுகல். ஐயமிருந்தால் செடியை வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ உறுதியாக இருக்கும். அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நூல்போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும்.

அழுகியவற்றைத் தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட் கொண்டு துடைத்த கத்தரியால் நல்ல பகுதிவரை வெட்டிவிடுங்கள். மீதமுள்ள வேருக்கு மட்டும் போதுமான சிறிய தொட்டியில், புதுக் கலவையில் நட்டு, ஒருமுறை நனைத்து வடியவைத்து, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். புது இலை வரும்வரை உரம் வேண்டாம். வேரே மிஞ்சவில்லை என்றாலும், மணி பிளான்ட், சிங்கோனியம் போன்றவற்றின் நல்ல தண்டைக் கணுவோடு வெட்டித் தண்ணீரில் வைத்தால் சில வாரங்களில் புதுவேர் விடும்.

பண்டிகைக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்குப் போகும்போது, கிளம்பும் அன்று எல்லாத் தொட்டிகளுக்கும் கூடுதலாக ஊற்றிவிட்டுப் போகும் வழக்கம் வேண்டாம். பத்து நாள்வரை என்றால், தேவையானவற்றுக்கு மட்டும் வழக்கம்போல ஊற்றி வடித்துவிட்டு, செடிகளை ஜன்னலிலிருந்து நான்கைந்து அடி உள்ளே நகர்த்தி, ஒன்றுக்கொன்று நெருக்கமாக வைத்தால் போதும். பெரணி, பீஸ் லில்லி ஆகியவற்றுக்கு மட்டும் தடித்த பருத்தித் திரியின் ஒரு முனையை மண்ணுக்குள் மூன்று அங்குலம் புதைத்து, மறுமுனையை மூடியுள்ள நீர்ப் பாத்திரத்தின் துளை வழியாக அடிவரை இறக்கிவையுங்கள்; திரியை முன்கூட்டியே நனைத்திருந்தால்தான் நீர் ஏறும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே இதைப் பொருத்தி, மண்ணின் ஈரத்தைக் குச்சியால் சோதித்து, திரியின் தடிமனைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொள்ளுங்கள். ஸ்நேக் பிளான்ட்டுக்கும் இசட்இசட்டுக்கும் ஒரு மாதம்வரை எந்த ஏற்பாடும் தேவையில்லை.